மலையின் முன் எங்கே நிற்கிறோம்? ரொமான்டிக் கால மலை ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுமார் 1770 முதல் 1870 வரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்ட மலை ஓவியங்களைப் பற்றிய பக்கம் இது. பனிச்சரிவு, புயல், மூடுபனி, எரிமலை, அதன் முன்னால் கடுகளவு மனிதன். இந்தப் படங்களை முதன்முறை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும், சில காலம் பார்த்தவர்களுக்கு எழும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியங்களின் பலம் மலையின் உயரத்தில் இல்லை. பார்க்கிற நம்மை ஓவியர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதில்தான் இருக்கிறது. கீழே வரும் பதில்கள் பலவும் இதையே சுற்றி வரும்.

ரொமான்டிக் ஓவியம் என்றால் காதல் ஓவியமா?

இல்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய கலை, இலக்கிய இயக்கத்தின் பெயர் அது. தமிழ் விமர்சகர்கள் கற்பனாவாதம் என்பார்கள். அறிவு, ஒழுங்கு, அளவு ஆகியவற்றுக்கு முதலிடம் தந்த காலத்துக்கு எதிர்வினையாக, உணர்ச்சிக்கும் தனிமனித அனுபவத்துக்கும் கட்டுக்கடங்காத இயற்கைக்கும் இடம் கேட்டவர்கள் இவர்கள்.

"உன்னதம்" என்று இந்த ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார்களே, அது அழகிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் 1757இல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அழகானவை சிறியவை, வழுவழுப்பானவை, மென்மையானவை. அவற்றைப் பார்த்தால் அன்பு வருகிறது. உன்னதமானவை பிரம்மாண்டமானவை, இருண்டவை, கரடுமுரடானவை, எல்லை தெரியாதவை. அவற்றைப் பார்த்தால் அச்சம் வருகிறது. ஆனால் அந்த அச்சத்திலேயே ஓர் இன்பமும் இருக்கிறது என்றார். அதற்கு அவர் வைத்த நிபந்தனைதான் முக்கியம். ஆபத்து நம்மை நெருங்கிவிட்டால் அது வெறும் பயம். கொஞ்சம் தள்ளி இருந்தால்தான் அதில் மனம் லயிக்கும்.

1790இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். தலைக்கு மேல் தொங்கும் பாறை, இடிமேகம், எரிமலை, சூறாவளி, கொந்தளிக்கும் கடல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நாம் பாதுகாப்பான இடத்தில் இருக்கும்வரை இவை எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு நம்மை ஈர்க்கும் என்றார். உடல் அளவில் நாம் ஒன்றுமில்லை என்று அந்தக் காட்சி காட்டுகிறது. அதே கணத்தில், அதை எண்ணிப் பார்க்கும் மனம் நமக்குள் இருப்பதையும் உணர்த்துகிறது என்பது அவர் வாதம். கான்ட் வாழ்ந்தது கோனிக்ஸ்பர்க் நகரத்தில். அந்த வட்டாரத்தைத் தாண்டி அவர் போனதே இல்லை, ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் பார்த்ததும் இல்லை.

பர்க், கான்ட் இருவருமே "எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய்" என்ற கேள்வியைத்தான் மையமாக வைத்தார்கள். ஓவியர்களுக்கு இது தத்துவம் மட்டுமல்ல, கேன்வாஸின் முன் தினமும் தீர்க்கவேண்டிய வேலை.

அதற்கு முன்பு மலைகளை யாரும் ரசிக்கவில்லையா?

ரசித்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஐரோப்பாவில் பொதுவான மனநிலை வேறு. மலை என்றால் பயிர் விளையாத இடம், கடக்கவேண்டிய தொல்லை. 1681இல் தாமஸ் பர்னெட் என்ற ஆங்கிலேய மதகுரு, கடவுள் படைத்த பூமி வழவழப்பாக இருந்தது என்றும், பைபிள் சொல்லும் ஊழிவெள்ளத்தில் அது உடைந்து மிஞ்சிய இடிபாடுகள்தான் மலைகள் என்றும் எழுதினார். அப்படி எழுதியவரே அவற்றின் பிரம்மாண்டத்தைக் கண்டு மலைத்தும் போயிருக்கிறார். 1688இல் ஆல்ப்ஸைக் கடந்த ஜான் டென்னிஸ் என்ற விமர்சகர், பாதாளத்தின் விளிம்பில் நடந்தபோது திகிலும் மகிழ்ச்சியும் ஒன்றாக வந்தன என்று பதிவு செய்தார்.

அடுத்த நூறு ஆண்டில் நிலைமை தலைகீழானது. ஹாலர் என்ற சுவிஸ் கவிஞரின் கவிதையும் ரூசோ என்ற எழுத்தாளரின் நாவலும் சுவிட்சர்லாந்தைப் பலரின் மனதில் பதித்தன. 1786 ஆகஸ்ட் 8 அன்று ஜாக் பால்மாவும் மிஷேல் பக்கார்டும் ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரமான மோன் பிளாங்க்கின் உச்சியை முதன்முதலில் தொட்டார்கள். பூமியின் வயது சில ஆயிரம் ஆண்டுகள் அல்ல, கணக்கிட முடியாத நீளம் என்று நிலவியல் சொல்லத் தொடங்கியது. அதன்பின் ஒரு பாறை அடுக்கைப் பார்ப்பது காலத்தையே பார்ப்பதாகிவிட்டது.

இந்த மாற்றத்தைத் தூரிகையில் முதலில் பிடித்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் காஸ்பர் வோல்ஃப். 1770களில் பெர்ன் நகரப் பதிப்பாளர் ஒருவருக்காகப் பனியாறுகளுக்கே ஏறிப் போய் வரைந்தார். அவருக்குக் கிடைக்கவேண்டிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பாறைமேல் முதுகைக் காட்டி நிற்கும் மனிதர், கீழே மூடுபனி. அந்தப் படம் ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் (1774–1840) 1818 வாக்கில் வரைந்தது. "மூடுபனிக் கடலுக்கு மேலே ஒரு பயணி" என்று தமிழில் சொல்லலாம். ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. பல இடங்களில் பெரிதாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதன் அளவு வியப்பாக இருக்கும்: உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் முக்கால் மீட்டர்.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கரும்பச்சைக் கோட்டு, கையில் ஊன்றுகோல், காற்றில் கலைந்த செம்பட்டை முடி. இடது கால் ஒரு படி முன்னால் இருக்கிறது. அவர் நிற்கும் பாறை கறுப்பாக, கூம்பாக, நம் பக்கத்திலிருந்து எழுகிறது. இரண்டு பக்கத்து மலைச்சரிவுகளும் இறங்கி வந்து அவருடைய மார்பு உயரத்தில் சேர்கின்றன. ஆக, நிலக்காட்சி முழுவதும் அவர் நெஞ்சிலிருந்து விரிவதுபோல ஒரு அமைப்பு. அவர் முகம் தெரியாது. அவர் பார்ப்பதை நாம் முழுசாகப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் நடுவில் அவரே மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

இங்கேதான் நிற்கும் இடத்தின் விளையாட்டு. அவருக்குக் காலடியில் பாறை இருக்கிறது. நமக்கு எதுவுமே இல்லை. நம் கண் மட்டம் அவர் முதுகுக்கு நேராக இருக்கிறது; அப்படியானால் நாம் எதன்மேல் நிற்கிறோம்? படத்தில் பதில் கிடையாது. தலைசுற்றல் அங்கிருந்துதான் வருகிறது.

சுயமுன்னேற்றப் புத்தக அட்டைகளில் இந்தப் படத்தை வெற்றியின் சின்னமாகப் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையை வென்றவர் நிற்கும் நிலையாக அது தெரியவில்லை. அடுத்த அடி வைக்க இடமில்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

ஃப்ரீட்ரிக் ஆல்ப்ஸுக்குப் போனதே இல்லையாமே? அப்படியானால் இவை கற்பனைப் படங்கள்தானே?

போனதில்லை, உண்மைதான். மேலே சொன்ன படத்திலுள்ள பாறைகள் டிரெஸ்டன் அருகிலுள்ள எல்ப மணற்கல் மலைகளில் அவர் நடந்து திரிந்து பென்சிலால் வரைந்தவை. வெவ்வேறு இடத்துப் பாறைகளை வீட்டிலிருந்து ஒரே காட்சியாகக் கோத்தார்.

இன்னும் வியப்பானது "வாட்ஸ்மன்" (1824–25). பெர்லினில் பழைய தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் பெரிய படம். 135க்கு 170 சென்டிமீட்டர். பவேரியாவில் இருக்கும் 2,713 மீட்டர் உயர வாட்ஸ்மன் மலையை அவர் பார்த்ததே இல்லை. இளம் வயதில் இறந்துபோன அவருடைய மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிக் அங்கே போய் வரைந்த நீர்வண்ணப் படத்தை வைத்துச் சிகரத்தை எடுத்துக்கொண்டார். முன்னால் இருக்கும் பாறையோ வட ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் அவர் பல ஆண்டுகளுக்கு முன் வரைந்தது. இரண்டுக்கும் நடுவில் நிஜத்தில் பல நூறு கிலோமீட்டர்.

அதே காலத்தில், 1824இல், லுட்விக் ரிக்டர் என்ற இளம் ஓவியரும் வாட்ஸ்மன்னை வரைந்தார். அவர் படத்தில் மனித வாழ்வின் அடையாளங்கள் இருக்கின்றன. மலை ஊரோடு சேர்ந்தது. ஃப்ரீட்ரிக் அதையெல்லாம் துடைத்தெடுத்தார். ஒரு மனிதன் இல்லை, ஆடு இல்லை, ஒற்றையடிப் பாதை கூட இல்லை. முன்னால் பழுப்புப் பாறைகள், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மேடுகள், அதற்கும் பின்னால் எட்டவே முடியாத வெள்ளை. கண் போகலாம், கால் போக வழியில்லை.

இதைப் பொய் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு பாறையின் விரிசலும் அவரோ அவர் மாணவரோ நேரில் பார்த்து வரைந்தது. அவர் இட்டுக்கட்டியது அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை மட்டும்தான். அவர் படத்தின் பொருளும் அந்தத் தூரம்தான்.

நண்பர் கெர்ஸ்டிங் 1811இல் ஃப்ரீட்ரிக்கின் ஓவிய அறையை வரைந்திருக்கிறார். சுவரில் ஒன்றிரண்டு வண்ணத்தட்டுகள், அளவுகோல், முக்கோணம். வேறு எதுவும் இல்லை. சன்னலின் கீழ்ப்பாதி மூடியிருக்கிறது. வெளிக்காட்சி தெரியாத அந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்து, கோலில் கையை ஊன்றி, ஒரு மலைக்காட்சியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஃப்ரீட்ரிக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

டர்னர் இதற்கு நேர்மாறா? புயலிலும் பனியிலும் போய் நின்று வரைந்தாரா?

பாதி சரி. ஜே. எம். டபிள்யூ. டர்னர் (1775–1851) நிறைய நடந்தவர், நிறைய நனைந்தவர். பிரான்ஸோடு நடந்த போர் காரணமாக ஆங்கிலேயர்களுக்கு ஆல்ப்ஸ் மூடிக் கிடந்தது. 1802இல் அமியான் உடன்பாட்டால் கொஞ்ச காலம் அமைதி வந்ததும் அந்தக் கோடையிலேயே கிளம்பிப் போனார். செயின்ட் கோத்தார்ட் கணவாய், பேய்ப்பாலம், ஷமோனி பனியாறு எல்லாம் அவர் குறிப்பேடுகளில் வந்தன. ஆனால் அவருடைய இரண்டு பெரிய மலைப்பேரழிவுப் படங்களும் அந்த இடத்தில் பார்த்தவை அல்ல.

முதலாவது, 1810இல் காட்சிக்கு வைத்த "கிரிசன்ஸில் பனிச்சரிவு". 1808 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் கிரிசன்ஸ் மாநிலத்திலுள்ள செல்வா என்ற ஊரில் நடந்த பனிச்சரிவில் ஒரே குடிசையில் 25 பேர் இறந்தார்கள். டர்னர் அப்போது அங்கே இல்லை. படத்தில் ஒரு ராட்சதப் பாறை பனியோடு உருண்டு வந்து குடிசையை நசுக்குகிறது. பனியைக் கத்தியால் தடித்து அப்பியிருக்கிறார். வண்ணமே சரிந்து விழுவதுபோல் தெரியும். கவனிக்கவேண்டியது, அந்தப் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. 1803இல் லூதர்பூர்க் என்ற ஓவியர் வரைந்த பனிச்சரிவுப் படத்தில் சிறு மனிதர்கள் பதறுகிறார்கள்; அவர்கள் நம் சார்பில் பயந்துகொள்கிறார்கள், நாம் வெளியே நின்று பார்க்கலாம். டர்னர் அந்த இடைத்தரகரை எடுத்துவிட்டார். பாறை விழுவது யார் கண்முன்? நம் கண்முன்தான்.

இரண்டாவது, 1812இல் வைத்த "பனிப்புயல்: ஹன்னிபாலும் அவன் படையும் ஆல்ப்ஸைக் கடத்தல்". கி.மு. 218இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸைக் கடந்த வரலாறு. அந்தப் புயலை டர்னர் பார்த்தது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், 1810இல், நண்பர் ஃபாக்ஸின் வீட்டில். இடிமழை மலைமேல் சுழன்று போவதை ஒரு கடிதத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் இதை ஹன்னிபாலாகப் பார்ப்பாய் என்று நண்பரின் மகனிடம் சொன்னாராம். சொன்னபடி செய்தார்.

படத்தில் ஹன்னிபால் எங்கே? தேடவேண்டும். தூரத்தில், தொடுவானத்தில், தும்பிக்கையைத் தூக்கிய ஒரு யானையின் மிகச் சிறிய உருவம். அவன் அதன்மேல் இருக்கலாம். முன்னால் தெரிவது, படையின் கடைசியில் மாட்டிக்கொண்டவர்களை மலைவாசிகள் கொள்ளையடிக்கும் காட்சி. மீதி எல்லாம் கரிய சுழல், அதற்குள் மங்கிய ஆரஞ்சுச் சூரியன். சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி டாவித், நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடப்பதை வரைந்திருந்தார்: பாய்ந்தெழும் குதிரை, பறக்கும் சால்வை, காலடிப் பாறையில் போனபார்ட், ஹன்னிபால் என்று பெயர்கள் செதுக்கல். டாவித் படத்தில் மலை பின்திரை. டர்னர் படத்தில் தளபதி ஒரு புள்ளி. நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படை கொண்டுபோன ஆண்டில்தான் லண்டன் இந்தப் படத்தைப் பார்த்தது.

லண்டனின் ஓவியக் கழகமான ராயல் அகாடமியில் இதை உயரத்தில் மாட்டியபோது டர்னர் சண்டை போட்டுக் கீழே இறக்கினார். காரணம் புரிகிறது. அண்ணாந்து பார்த்தால் அது ஒரு காட்சி. கண்மட்டத்தில் இருந்தால் நாமும் அந்தச் சுழலின் வாயில் நிற்கிறோம்.

மூடுபனியும் புயலும் இல்லாமல் இந்த உணர்வைக் கொண்டுவர முடியாதா?

முடியும். யோசஃப் அன்டோன் கோக் (1768–1839) டிரோல் மலையில் பிறந்தவர், ரோமில் வாழ்ந்தவர். அவருடைய "ஷ்மாத்ரிபாக் அருவி"யில் பனிமூட்டமே கிடையாது. உச்சியிலுள்ள பனியாற்றிலிருந்து அடியிலுள்ள புல்வரை எல்லாம் ஒரே கூர்மையில் தெரியும். பார்க்கப் பார்க்க முடிவதில்லை, அதுதான் அதன் பலம். பர்க் சொன்ன இருட்டு இல்லாமலேயே கோக் சாதித்துவிட்டார்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வார்டு 1812–14இல் வரைந்த "கோர்டேல் ஸ்கார்" வேறு வழி எடுத்தது: அளவு. யார்க்‌ஷயரிலுள்ள சுண்ணாம்புப் பாறைப் பிளவு ஒன்றை 3.3 மீட்டர் உயரம், 4.2 மீட்டர் அகலத்தில் வரைந்தார். நிஜப் பாறையைவிடச் செங்குத்தாக்கி, அடியில் மாடுகளை நிறுத்தினார். லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் அதன் முன்னால் நின்றால் மாடுகளின் மட்டத்தில்தான் நிற்போம்.

இவற்றில் மதம் எவ்வளவு தூரம் இருக்கிறது?

ஃப்ரீட்ரிக்கிடம் நிறைய, டர்னரிடம் வேறு மாதிரி. 1808இல் ஃப்ரீட்ரிக் ஒரு பலிபீடத்துக்குரிய படமாகவே மலையை வரைந்தார்: ஊசியிலை மரங்கள் சூழ்ந்த பாறை உச்சியில் ஒரு சிலுவை, பின்னால் அந்திச் சூரியனின் கதிர்கள். ராம்டோர் என்ற விமர்சகர் கொதித்துப்போனார். நிலக்காட்சி ஓவியம் தேவாலயத்துக்குள் நழுவி வந்து பலிபீடத்தில் ஏறப் பார்க்கிறது என்று 1809இல் எழுதினார். பெரிய சர்ச்சை. ராம்டோர் கோபக்காரராக இருந்தாலும் நடப்பதைச் சரியாகக் கண்டுகொண்டார். முன்பு புனிதர்கள் நின்ற இடத்துக்கு மலை வந்துகொண்டிருந்தது.

நேரில் போய் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்களா?

பெரும்பாலும் இல்லை. மலையில் பென்சிலும் நீர்வண்ணமும்; எண்ணெய் ஓவியம் வீட்டில். மடக்கக்கூடிய உலோக வண்ணக் குழாயே 1841இல்தான் வந்தது. ஃப்ரீட்ரிக் மெல்லிய அடுக்குகளாகத் தீட்டினார், தூரிகையின் தடமே தெரியாது. டர்னர் கத்தியால் அப்பினார், நீர்வண்ணத்தில் நகத்தால் சுரண்டி வெள்ளை எடுத்தார்.

அமெரிக்க ஓவியர்கள் ஆல்ப்ஸ் இல்லாமல் என்ன செய்தார்கள்?

அவர்களிடம் ஆண்டிஸும் ராக்கீஸும் இருந்தன. ஃப்ரெடரிக் எட்வின் சர்ச், ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாந்தர் ஹம்போல்ட்டின் எழுத்துகளைப் படித்து உந்தப்பட்டு 1853லும் 1857லும் தென் அமெரிக்கா போனார். அதன் விளைவு 1859இன் "ஆண்டிஸின் இதயம்", மூன்று மீட்டர் அகலம். நியூயார்க்கில் அதைத் தனிப்படக் காட்சியாக வைத்தார்கள். கட்டணம் 25 சென்ட். சன்னல் போன்ற பெரிய மரச்சட்டம், இருண்ட அறை. பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். நாடகம் பார்க்கும் சிறு தொலைநோக்கியால் படத்தின் ஒவ்வொரு இலையையும் பார்த்தார்கள். இடது ஓரத்தில் ஒரு சிலுவை, அதன்முன் இரண்டு சின்ன மனிதர்கள், வெகு தூரத்தில் சிம்போராசோ எரிமலையின் பனி. ஹம்போல்ட்டிடம் இதைக் காட்டவேண்டும் என்று சர்ச் ஆசைப்பட்டார்; அந்த மே மாதமே ஹம்போல்ட் இறந்துவிட்டார்.

ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1859இல் லாண்டர் என்பவர் தலைமையிலான நில அளவைக் குழுவோடு மேற்கே போய்த் திரும்பி, 1863இல் "ராக்கி மலைகள், லாண்டர் சிகரம்" வரைந்தார். 25,000 டாலருக்கு விற்றது. தாமஸ் மோரன் யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கை வரைந்தார். 1872இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அவர் படத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது.

பாதுகாப்பாக நின்று பயத்தை ரசிப்பது வசதியுள்ளவர்களின் பார்வை இல்லையா?

ஆமாம், இந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. செல்வாவில் செத்த 25 பேருக்குப் பனிச்சரிவு ரசிக்கும் பொருள் அல்ல. ஆல்ப்ஸ் விவசாயிகளுக்கு மலை என்பது மேய்ச்சல், விறகு, குளிர்காலத்துக்கான வைக்கோல். பயணிகளைச் சுமந்தும் வழிகாட்டியும் கூலி வாங்கியவர்கள் அவர்கள். படங்களில் அவர்கள் வந்தாலும் அளவு காட்டும் புள்ளிகளாகத்தான் வருகிறார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் கனமானது. லாண்டர் சிகரப் படத்தின் முன்பக்கத்தில் பூர்வகுடிகளான ஷோஷோன் மக்களின் முகாம் இருக்கிறது. கூடாரங்கள், குதிரைகள், வேட்டையாடிய மிருகங்கள். அவ்வளவு கவனமாக வரைந்த அதே ஆண்டுகளில்தான் அந்த மக்களின் நிலம் பறிபோய்க்கொண்டிருந்தது. பெரிய மேற்கு நிலக்காட்சிகள் பலவற்றில் மனிதரே இல்லை. காலியாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அது துணைபோனது.

இதனால் படங்களை ஒதுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பியர்ஸ்டாட்டின் முன்னால் நின்று "என்னை யாருடைய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்?" என்று கேட்பதும் அந்தப் படத்தைப் பார்ப்பதில் சேர்த்திதான். டர்னரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு: அவர் நம்மைப் பெரும்பாலும் தோற்பவர்கள் பக்கம் நிறுத்துகிறார். அவரை இவ்வளவு மதிப்பதற்கு எனக்கு அதுவும் ஒரு காரணம்.

சீன மலை ஓவியங்களிலும் மலை பெரிது, மனிதன் சிறியவன். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஃபான் குவான் ஆயிரம் ஆண்டுக்கு முன் வரைந்த, இப்போது தைபேயில் இருக்கும் பட்டுச்சுருளைப் பாருங்கள். இரண்டு மீட்டர் உயரத்தில் மலை; அடியில் கோவேறு கழுதைகளை ஓட்டிப்போகும் சிறு மனிதர்கள். அவர்கள் பயப்படவில்லை, திகைத்து நிற்கவும் இல்லை, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பார்ப்பவரைத் திடுக்கிட வைப்பது அந்த மரபின் நோக்கம் அல்ல.

நம் பக்கத்து மலைகளை அந்தக் கால ஓவியர்கள் யாராவது வரைந்தார்களா?

வரைந்தார்கள். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பித் திருநெல்வேலிச் சீமை, கன்னியாகுமரிப் பக்கம்வரை போனார்கள். அவர்களுடைய பெரிய அச்சுத் தொகுப்பில் திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவி ஒரு தனிப் படமாக இருக்கிறது. ஐரோப்பிய நிலக்காட்சிகளைப் பார்க்கப் பழகிய கண்ணோடு தாமிரபரணியைப் பார்த்த படம் அது. நம் ஊர்க்காரர்கள் ஒருமுறை தேடிப் பார்க்கவேண்டும். பிற்காலத்தில் எட்வர்டு லியர் என்ற ஆங்கிலேயர் 1870களில் இந்தியா முழுக்கச் சுற்றி, டார்ஜீலிங்கிலிருந்து தெரியும் கஞ்சன்ஜங்காவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.

அந்தக் காலத்து வானம் இவ்வளவு சிவப்பாக இருந்ததற்கு எரிமலை காரணமா?

ஓரளவு இருக்கலாம். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அதன் துகள்கள் வானில் பரவி, 1816 ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாத ஆண்டானது. அந்த ஆண்டுகளின் அந்திவானம் அசாதாரணமாகச் சிவந்தது என்றும் ஓவியங்களில் அதன் தடம் இருக்கிறது என்றும் விஞ்ஞானிகள் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட படத்தைக் காட்டி இது தம்போராவால்தான் என்று அடித்துச் சொல்வது சரியல்ல. ஓவியர்களுக்குச் சிவப்பைப் போட வேறு காரணங்களும் உண்டு.

இந்தப் படங்கள் இன்றைய அறிவியலுக்கு ஏதாவது உதவுமா?

உதவுகின்றன. சாமுவேல் பிர்மன் என்ற சுவிஸ் ஓவியர் 1820களில் ஆல்ப்ஸிலுள்ள மெர் த கிளாஸ், கீழ் கிரிண்டல்வால்ட் பனியாறுகளை மிகத் துல்லியமாக வரைந்தார். புகைப்படம் வருவதற்கு முன் பனியாறு எங்கேவரை நின்றது என்று கணிக்க ஆய்வாளர்கள் இந்தப் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். அப்போது பனியாறுகள் ஊருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தன. மக்கள் பயந்தது அவை வளர்வதைப் பார்த்து. இன்று மெர் த கிளாஸ், 1850களோடு ஒப்பிட்டால் மோன்தான்வேர் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. அழியவே அழியாது என்று நினைத்து வரைந்த பனி. அந்தப் படங்களின் முன் நமக்கு வரும் அச்சம், வரைந்தவர்கள் நினைத்த அச்சம் அல்ல.

எங்கே பார்க்கலாம்? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஃப்ரீட்ரிக்குக்கு ஹாம்பர்க், பெர்லின், டிரெஸ்டன். டர்னருக்கு லண்டன் டேட் பிரிட்டன். அவர் நாட்டுக்கு விட்டுப்போன சேகரிப்பு அங்கே இருக்கிறது. சர்ச்சின் "ஆண்டிஸின் இதயம்", பியர்ஸ்டாட்டின் "லாண்டர் சிகரம்" இரண்டும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். வெளிநாடு போக வாய்ப்பில்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். இவற்றில் பலவற்றை அருங்காட்சியகங்களே பெரிய அளவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கைபேசியில் பார்க்காமல் முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள். திரையில் அளவு தொலைந்துபோகும் என்பதால் முதலில் படத்தின் நீள அகலத்தைப் படித்துக்கொண்டு, சுவரில் அந்த அளவைக் கையால் குறித்துப் பார்ப்பது நல்லது.

தொடக்கத்துக்கு நான் "வாட்ஸ்மன்"ஐச் சொல்வேன். புகழ்பெற்ற பயணி படத்தில் ஏற்கெனவே ஒருவர் நமக்காக நிற்கிறார். இதில் நாமேதான் நிற்கவேண்டும். அடுத்து டர்னரின் ஹன்னிபால், யானையைக் கண்டுபிடிக்கும்வரை.